பழைய வள்ளத்தை மறுபடி நீரில் இறக்க: குமரி – கேரள எல்லைக் காயலோரத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தேங்காப்பட்டணத்திலிருந்து பூவார் வரை வாய்க்காலையும் காயலையும் ஒட்டி நடந்தால், தென்னை மூட்டில் கவிழ்த்துப் போட்ட வள்ளங்கள் கண்ணில் படும். வேலையைவிட்டு நின்ற படகுகள் அவை. தொழிலுக்கு ஃபைபர் படகும் வெளியே மாட்டும் எஞ்சினும் வந்துவிட்டன. ஆனால் அந்த வள்ளங்களில் பாதி இன்னும் உயிரோடுதான் இருக்கின்றன. சனி, ஞாயிறுகளில் கையால் ஏதாவது செய்ய வேண்டும் என்று ஆசைப்படுகிற ஒருவர், பொறுமையும் ஓர் ஆசாரியின் துணையும் இருந்தால், அதில் ஒன்றை மறுபடி நீரில் இறக்கிவிட முடியும்.

இந்தக் கரைக்கு வள்ளம் புதிதல்ல. திருவனந்தபுரத்தையும் கன்னியாகுமரியையும் நீர்வழியில் இணைக்க, 1860-ல் திருவிதாங்கூர் மன்னர் உத்திராடம் திருநாள் மார்த்தாண்ட வர்மா காலத்தில் வெட்டத் தொடங்கியதுதான் அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய். நாம் ஏ.வி.எம். கால்வாய் என்கிறோம். நினைத்தபடி முழுதும் முடியவில்லை. வெட்டிய இடத்திலும் இன்று பல பகுதிகள் தூர்ந்து சுருங்கிக் கிடக்கின்றன. மாநில எல்லை 1956 நவம்பர் 1-ல் நடுவே வந்தது. ஆனால் கேரளப் பக்கத்துப் பொழியூரில் வள்ளம் கட்டும் முறையும் தமிழ்நாட்டுப் பக்கத்து நீரோடியில் கட்டும் முறையும் ஒன்றுதான். அதனால் மரத்துக்கும் ஆளுக்கும் எல்லையின் இரண்டு பக்கமும் விசாரியுங்கள்.

இந்த வழிகாட்டி முழுக்க ஒரே கருத்தைச் சுற்றித்தான் வரும்: படகை எந்த முறையில் கட்டினார்களோ, அந்த முறையிலேயே பழுது பாருங்கள். தைத்த வள்ளத்தைத் தைத்துச் சரிசெய்ய வேண்டும். ஆணி அடித்ததை ஆணியாலும் பஞ்சாலும் சரிசெய்ய வேண்டும். பிளைவுட் படகுக்கு மட்டுமே பசை. இதைக் கலந்தால் நல்ல மரமும் கெட்டுப்போகும். ஏன் என்று போகப்போகச் சொல்கிறேன்.

எந்தப் படகை எடுப்பது

முதல் படகு சிறியதாக இருக்கட்டும். இரண்டு பேர் உட்காரும் காயல் வள்ளம், பன்னிரண்டு முதல் பதினாறு அடி, போதும். நான்கு பேர் சேர்ந்தால் புரட்டிப் போட முடியும் என்பதுதான் சரியான அளவுகோல். தனியாக வேலை பார்க்கிறவருக்குப் பெரிய சரக்கு வள்ளம் பாரமாகிவிடும், பாதியில் நிற்கும்.

இந்தப் பக்கம் நீங்கள் பார்க்கப்போவது பெரும்பாலும் நான்கு வகை. ஒரே மரத்தைக் குடைந்து செய்த வள்ளம். பலகைகளைக் கயிற்றால் தைத்த கட்டுவள்ளம். வங்குகளில் (விலா எலும்பு போன்ற உள்சட்டங்களில்) பலகையை ஆணி அடித்துக் கட்டிய படகு. பிறகு 1980-களில் முட்டத்திலும் சுற்றுவட்டாரத்திலும் பரவத் தொடங்கிய பிளைவுட் படகு. குடைந்த வள்ளமும் தைத்த வள்ளமும் பொழுதுபோக்காகச் செய்கிறவருக்கு ஏற்றவை. அதிகம் கருவி வேண்டாம், பொருள்கள் உள்ளூரிலேயே கிடைக்கும்.

மரம் எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அயனி என்றால் கண்ணை மூடிக்கொண்டு மேலே பேசலாம். கேரளத்தில் இதை ஆஞ்ஞிலி என்பார்கள். பலாவின் இனம்தான், நேராக உயர்ந்து வளரும், நீரில் நீண்ட நாள் நிற்கும். கேரளத்துப் போட்டிப் படகுகளான சுண்டன் வள்ளங்களுக்கும் இதுவே முதல் தேர்வு. மாமரத்தில் செய்த வள்ளம் விலை குறைவாகக் கிடைக்கும். ஆனால் மாமரம் சீக்கிரம் உளுத்துப்போகும். பாதிக்கு மேல் கெட்டுப்போன மாமர வள்ளத்துக்கு உழைப்பைக் கொட்டாதீர்கள்.

படகில் பதிவு எண் ஏதாவது எழுதியிருந்தால், பணம் கொடுக்கும் முன் மீன்வளத் துறை அலுவலகத்தில் அதைக் காட்டி உரிமை யாருடையது என்று கேட்டுவிடுங்கள். மானியத்தில் வாங்கிய படகாக இருக்கலாம். கைமாற்றியதற்கு ஒரு எழுத்து வாங்கிக்கொள்வதும் நல்லது.

எப்போது தொடங்குவது, எங்கே வைப்பது

நம் பகுதிக்கு இரண்டு மழையும் உண்டு. எடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை ஜூனில் இறங்கும், துலாம் மாத மழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை இழுக்கும். ஆகவே ஜனவரி தொடங்கி மே வரைதான் மர வேலைக்கான காலம். டிசம்பர் கடைசியில் படகைக் கரையேற்றி நிழலில் வைத்தால் பிப்ரவரியில் உளி வைக்கலாம். ஜூன், ஜூலையில் ஆசாரியைத் தேடாதீர்கள். மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். எல்லா விசைப்படகும் அப்போதுதான் பழுது பார்க்கக் கரைக்கு வரும்.

நேரடி வெயிலில் வைக்கவே கூடாது. ஈரமான பலகை வெயிலில் ஒரே வாரத்தில் வெடித்துவிடும். ஓலைப்பந்தலோ தார்ப்பாயோ போடுங்கள், ஆனால் தார்ப்பாய் படகைத் தொடக் கூடாது. இடையில் காற்றுப் போக இடம் வேண்டும். தரையில் படவிடாமல் தென்னந்தடிகளின் மேல் ஏற்றுங்கள், கரையான் எளிதில் ஏறாது. தடிகள் அணியம் (முன்முனை), நடு, அமரம் (பின்முனை) மூன்றிலும் தாங்க வேண்டும். நடுவில் மட்டும் தாங்கினால் இரண்டு முனையும் தொங்கி, படகின் முதுகு வளைந்துபோகும். அணியத்திலிருந்து அமரம் வரை ஒரு நூலை இழுத்துக் கட்டி, ஏராவுக்கும் (படகின் அடி முதுகெலும்பு) நூலுக்கும் உள்ள இடைவெளியைச் சில இடங்களில் அளந்து சுவரிலோ நோட்டிலோ எழுதி வையுங்கள். வேலை நடக்கும்போது அந்த அளவு மாறினால் தாங்கலைத் திருத்த வேண்டும்.

தட்டிப் பார்த்தல், குத்திப் பார்த்தல்

வேலையில் மிக முக்கியமான நாள் இதுதான். கருவி எதுவும் வாங்குவதற்கு முன் ஒரு முழு நாளை இதற்கு ஒதுக்குங்கள். வேண்டியவை கொட்டாப்புளி (மரச்சுத்தியல்), கூரான ஊசி அல்லது பழைய ஸ்க்ரூட்ரைவர், சாக்பீஸ், டார்ச்.

கொட்டாப்புளியால் அணியத்திலிருந்து ஒவ்வொரு பலகையாக, சாண் சாணாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். பலாப்பழத்தைத் தட்டிப் பழுத்ததா என்று காதால் அறிவதைப் போல, இதிலும் காதுதான் சொல்லும். நல்ல மரம் கணீரென்று ஒலிக்கும். உளுத்த மரம் மந்தமாக ஒலிக்கும். மந்தமான இடத்தில் ஊசியைக் குத்துங்கள். நல்ல மரத்தில் நுனி மட்டும் இறங்கி நிற்கும், எடுக்கும்போது நார் நாராகப் பிளக்கும். உளுத்ததில் அரை விரல் ஆழம் வரை தடையில்லாமல் போகும், எடுத்தால் துண்டு துண்டாக உடையும். கெட்ட இடத்தைச் சுற்றிச் சாக்பீஸால் வட்டம் போடுங்கள்.

எங்கே அதிகம் தேட வேண்டும் என்றால், மழைநீர் தங்கும் இடங்களில். பலரும் உப்புத் தண்ணீர்தான் மரத்தைக் கெடுக்கும் என்று நினைக்கிறார்கள். உண்மையில் மரத்தை உளுக்க வைக்கும் பூஞ்சைக்கு உப்பு ஆகாது. மரத்தின் ஈரம் ஏறக்குறைய 20 சதவீதத்துக்கு மேல் நல்ல தண்ணீரால் நெடுநாள் நின்றால்தான் அது வளரும். ஆகவே வெளிப்பக்கம் பளிச்சென்று இருக்கும் படகுகூட உள்ளே, வங்குக்கும் பலகைக்கும் இடையில், உட்காரும் பலகையின் முனைகளில், அணியத்தின் மூலையில் அழுகியிருக்கும். அங்கேதான் இலையும் மண்ணும் சேர்ந்து மழைநீரைப் பிடித்து வைக்கும்.

அடுத்தது கப்பல் புழு. உப்பும் நல்ல நீரும் கலந்த நம் காயலில் இது வாழும். வெளியே குண்டூசித் தலை அளவு ஓட்டைதான் தெரியும். உள்ளே விரல் பருமனுக்குக்கூடக் குடைந்திருக்கும், குழிகளின் சுவரில் வெள்ளைச் சுண்ணாம்புப் பூச்சு இருக்கும். ஓட்டைகள் தெரிந்தால் அந்த இடத்தில் ஒரு சிறு துளை போட்டுப் பாருங்கள். தூளோடு வெள்ளைச் செதில் வந்தால் சந்தேகமே இல்லை. கரையேற்றிச் சில வாரம் காயவிட்டால் உயிரோடு இருக்கும் புழு செத்துவிடும். முன்பு புழு பிடித்த வள்ளங்களை ஆற்றின் மேல்பகுதியில் நல்ல தண்ணீரில் கொண்டுபோய்க் கட்டுவார்கள், அதுவும் வேலை செய்யும். செத்த பிறகு பலகை எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

ஆணி அடித்த படகில் இரும்பாணிகளைச் சுற்றிப் பாருங்கள். ஆணியைச் சுற்றி மரம் கறுத்து மெத்தென்று இருந்தால் துரு மரத்தைத் தின்றிருக்கிறது. பித்தளைத் திருகாணி என்றால் ஒன்றைக் கழற்றிப் பாருங்கள். உப்பு நீரில் பித்தளையிலிருந்து துத்தநாகம் கரைந்துபோய் வெறும் செம்பு நிறத்தில், கையாலேயே ஒடியும் நிலையில் இருக்கும். தைத்த வள்ளத்தில் கயிற்றை நகத்தால் சுரண்டுங்கள். நார் தூளாக உதிர்ந்தால் தையல் முழுக்க மாற்ற வேண்டிய காலம் வந்துவிட்டது.

சாக்பீஸ் வட்டங்கள் மொத்தப் பலகையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போனாலோ, ஏராவே நீளமாக உளுத்திருந்தாலோ, இந்தப் படகை விட்டுவிட்டு இன்னொன்றைத் தேடுவதே என் ஆலோசனை.

சுத்தம் செய்தல்

உள்ளே இருக்கும் மண், இலை, பழைய சாக்கு எல்லாவற்றையும் எடுத்துக் காயல் தண்ணீரால் கழுவுங்கள். பாசியைத் தும்பு (தேங்காய் நார்) பிரஷ்ஷால் தேயுங்கள். கொட்டலசு (சிப்பி போல ஓடு கட்டி ஒட்டும் கடலுயிர்) ஒட்டியிருந்தால் மழுங்கிய உளியைச் சாய்வாகப் பிடித்து நெம்பினால் வந்துவிடும். அதிக அழுத்தத்தில் நீர் பாய்ச்சும் பம்பு வேண்டாம். அது மரத்தின் மெத்தென்ற நார்களைப் பிய்த்தெடுத்துவிடும்.

பழைய பெயிண்டைச் சுரண்டும்போது ஒரு எச்சரிக்கை. ஈயம் கலந்த பெயிண்ட் நம்மிடம் நெடுங்காலம் இருந்தது. வீட்டுப் பெயிண்டில் ஈயத்தைக் கட்டுப்படுத்தும் விதியே 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே உலர்ந்த நிலையில் மெஷின் வைத்துத் தேய்க்காமல், நனைத்து, ஈரத் தாளால் தேயுங்கள். முகக்கவசம் போடுங்கள், குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். சுரண்டியதைத் தாளில் கூட்டி அள்ளுங்கள். காயலில் தள்ள வேண்டாம்.

கெட்ட மரத்தை எடுத்து நல்ல மரம் வைத்தல்

உளுத்த இடத்தை வெட்டும்போது கண்ணுக்குத் தெரிகிற கேட்டோடு நிற்காதீர்கள். மரத்தின் நார் ஓடும் திசையில் இரண்டு பக்கமும் ஒரு சாண் கூடுதலாகப் போக வேண்டும். பூஞ்சை வெளியே தெரிவதற்கு முன்பே உள்ளே நார் வழியாக நகர்ந்திருக்கும்.

சிறு ஓட்டைக்குச் சதுரமாக வெட்டாமல் வைர வடிவத்தில் வெட்டி ஒட்டுப்பலகை வையுங்கள். சதுரத்தின் ஓர் ஓரம் முழுதும் நாருக்குக் குறுக்கே நிற்கும், அங்கே விரிசல் விழும். முழுப் பலகையின் ஒரு துண்டை மாற்றுகிறீர்கள் என்றால் சாய்வு இணைப்பு வேண்டும். பலகையின் கனத்தைப் போல எட்டு மடங்கு நீளத்துக்குச் சாய்க்க வேண்டும். 25 மில்லிமீட்டர் பலகைக்கு 200 மில்லிமீட்டர் சாய்வு. இதை இழைப்புளியால் பொறுமையாக எடுங்கள், இரண்டு முகமும் ஒன்றோடொன்று வெளிச்சம் புகாமல் பொருந்த வேண்டும்.

புது மரமும் பழைய மரமும் ஒரே இனமாக இருப்பது நல்லது. அயனி வள்ளத்துக்கு அயனியே தேடுங்கள். மார்த்தாண்டம், குலசேகரம் பக்கம் வீட்டு விளைகளில் இன்னும் அயனி நிற்கிறது. வீடு இடிக்கும் இடங்களில் கிடைக்கும் பழைய உத்தரமும் நிலையும் இன்னும் மேல், நன்றாக ஆறிய மரம் அது. ரப்பர் மரம் எங்கும் மலிவாகக் கிடைக்கும், ஆனால் பக்குவம் செய்யாத ரப்பர் மரத்தை எந்த இடத்திலும் வைக்காதீர்கள். பூஞ்சையும் புழுவும் முதலில் அதைத்தான் தேடி வரும். கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் ரப்பர் மரத்தில் வள்ளம் செய்து காட்டியிருக்கிறது, ஆனால் அது மருந்து ஏற்றிப் பக்குவம் செய்த மரம். வளைந்த வங்குகளுக்குப் பூவரசும் புன்னையும் ஏற்றவை. இயற்கையாகவே வளைந்த கிளையைத் தேடி எடுத்தால் நார் அறுபடாமல் வளைவோடு ஓடும்.

பச்சை மரத்தை வைக்கக் கூடாது. ஓரங்குலப் பலகை நிழலில் ஆற ஓராண்டு என்பது ஆசாரிமார் கணக்கு. மரம் ஆறியதா என்று பார்க்க ஈரமானி இல்லையென்றால், பலகை மேல் ஒரு துண்டு பாலிதீனைச் சுற்றிலும் டேப் வைத்து ஒட்டி ஓரிரவு விடுங்கள். காலையில் உள்பக்கம் வேர்த்திருந்தால் இன்னும் காய வேண்டும்.

தையல்

தைத்த வள்ளம் எடுத்தவர்களுக்கு இதுதான் வேலையின் இதயம். ஆணி இல்லாமல், கயிற்றால் மட்டுமே பலகைகளைப் பிணைக்கும் இந்தக் கலையை நம் கரை ஆயிரம் ஆண்டுக்கு மேல் வைத்திருக்கிறது. 2025 மே மாதம் கார்வாரில் இந்தியக் கடற்படையில் சேர்ந்த ஐ.என்.எஸ்.வி. கௌண்டின்யா என்ற பாய்மரக் கப்பல், அஜந்தாவின் 5-ஆம் நூற்றாண்டு ஓவியத்தைப் பார்த்துக் கட்டியது. அதைத் தைத்தவர்கள் கேரளக் கைவினைஞர்கள். அதே தையலைத்தான் உங்கள் சிறு வள்ளத்திலும் போடப்போகிறீர்கள். இதை எண்ணினாலே கைக்கு ஒரு மரியாதை வரும்.

கயிறு முக்கியம். காயலில் மாதக்கணக்கில் ஊறவைத்த பச்சைத் தொண்டிலிருந்து (தேங்காய் மட்டையிலிருந்து) எடுத்த தும்பில், கையால் முறுக்கிய கயிறு வேண்டும். கடையில் கிடைக்கும் காய்ந்த தொண்டின் பழுப்புத் தும்புக் கயிறு முரடானது, துளைக்குள் இழுக்கும்போது அறுத்துக்கொள்ளும். நைலான் கயிறு கேட்கவே வேண்டாம். அது மரத்தோடு சேர்ந்து விரியாது, காலப்போக்கில் பலகை விளிம்பை அறுத்துவிடும். தென்னந்தும்பில் லிக்னின் என்ற கடினப்பொருள் அதிகம், அதனால்தான் உப்பு நீரில் மற்ற நார்களைவிட நிற்கிறது.

எல்லாத் தையலையும் ஒரே நேரத்தில் வெட்டாதீர்கள். வெட்டினால் படகு பலகைக் குவியலாகிவிடும், மறுபடி அந்த வடிவத்தை யாராலும் கொண்டுவர முடியாது. ஒரு மூட்டில் ஏறக்குறைய இரண்டு முழம் மட்டும் அவிழ்த்து, இரண்டு முனையிலும் தற்காலிகக் கட்டு போட்டு, அந்தப் பகுதியைத் தைத்து முடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

அவிழ்த்த பிறகு பலகை விளிம்புகளில் ஒட்டியிருக்கும் பழைய குங்கிலியம், எண்ணெய்ப் பிசின், மக்கிய நார் எல்லாவற்றையும் சுரண்டி எடுங்கள். பழைய துளைகளையே பயன்படுத்துங்கள், புதுத் துளை போட்டால் விளிம்பு பலவீனமாகும். துளை சிதைந்திருந்தால் மட்டும் மரமுளை அடித்து மூடி, கொஞ்சம் தள்ளிப் புதிதாகப் போடுங்கள்.

மூட்டின் உள்பக்கம் தும்பைக் கயிறாக இல்லாமல் தளர்ந்த திரியாக உருட்டி நீளமாக வையுங்கள். அதன் மேல்தான் தையல் வரும். கயிற்றை முன்னரே தண்ணீரில் ஊறப்போட்டிருந்தால் வளைந்துகொடுக்கும். உள்ளே ஒருவர், வெளியே ஒருவர் என்று இரண்டு பேர் இல்லாமல் இந்த வேலை நடக்காது. உள்ளே இருப்பவர் கயிற்றைத் துளை வழியே அனுப்ப, வெளியே இருப்பவர் இழுத்து எதிர்ப்பலகையின் துளை வழியே திருப்பி அனுப்புவார். ஒவ்வொரு சுற்றுக்கும் கயிற்றை ஒரு கம்பில் சுற்றி நெம்புகோலாகப் பிடித்து இழுத்து இறுக்க வேண்டும். இறுகும்போது தும்புத் திரியை வெளியாள் கொட்டாப்புளியால் தட்டிக்கொடுப்பார். கயிறு தளராமல் இருக்கத் துளையில் ஒரு தற்காலிக முளையைச் செருகிவிட்டுத்தான் அடுத்த துளைக்குப் போக வேண்டும். நேராக ஒரு சுற்று, பிறகு குறுக்காகத் திரும்பிவரும் இன்னொரு சுற்று.

முதல்முறை செய்கிறவர்கள் ஒரு ஆசாரியை முதல் மூட்டுக்கு மட்டுமாவது வரவழையுங்கள். எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதைக் கை பிடித்துத்தான் சொல்லித்தர முடியும். எங்கள் பக்கத்து மூத்த ஆசாரி ஒருவர் சொல்வார்: “மக்கா, ரொம்ப இறுக்காதே. வெள்ளம் குடிச்சா பலக தானா இறுகும். இடம் விடணும்.”

தைத்து முடித்த பிறகு துளைகளில் தும்பை அடைத்து மரமுளை அடித்து, மரத்தோடு சமமாக வெட்டுங்கள். பிறகு அடைப்பு. குங்கிலியத்தைப் பொடித்து எண்ணெயில் காய்ச்சிக் குழம்பாக்கி, சூடாக இருக்கும்போதே மூட்டிலும் துளைகளிலும் தடவ வேண்டும். திறந்த வெளியில், கனமான இரும்புச் சட்டியில், சிறு தீயில் காய்ச்சுங்கள். சட்டியை மூட ஒரு மூடியும் ஒரு வாளி மணலும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது.

ஆணிப் படகுக்குக் கலப்பற்று

ஆணி அடித்த படகில் மூட்டுகளைப் பஞ்சால் அடைப்பதுதான் கலப்பற்று. பழைய பஞ்சையும் மக்கையும் (அடைக்கும் புட்டி) கொக்கியால் முழுதும் உருவிவிட்டு, மூட்டின் இரு விளிம்புக்கும் மெல்லிய எண்ணெய் ஓட்டம் (பூச்சு) கொடுங்கள். பஞ்சைத் திரியாக்கி, கலப்பற்று உளியால் மூட்டுக்குள் அடியுங்கள். மூட்டின் ஆழத்தில் மூன்றில் இரண்டு பங்கு பஞ்சு, மிச்சம் மக்கு. அதற்கு மேல் திணித்தால், பலகை ஊறி விரியும்போது இடமில்லாமல் வங்குகளை உடைக்கும்.

ஆணிகளை மாற்றுவதானால் செம்பு ஆணி, முனையில் செம்பு வில்லை வைத்து அடிப்பது. கிடைக்காவிட்டால் 316 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். 304 என்று கடையில் கொடுப்பது உப்பு நீரில் நிற்காது. ஒரே பலகையில் செம்பும் இரும்பும் கலந்து போடக் கூடாது. உப்பு நீர் இரண்டுக்கும் இடையில் மின்வழி போட்டு இரும்பைச் சீக்கிரம் கரைத்துவிடும்.

பிளைவுட் படகு

இங்கே மட்டும்தான் எபாக்சி என்ற பசை. தட்டிப் பார்த்தால் அடுக்கு பிரிந்த இடம் தெரியும். பெரும்பாலும் விளிம்பிலிருந்துதான் நீர் புகுந்திருக்கும். கெட்ட பகுதியை வெட்டி, 8-க்கு 1 சாய்வில் புதுத் துண்டு ஒட்டுங்கள். ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட் மட்டுமே, வீட்டு அலமாரிக்குப் போடும் பிளைவுட் ஆறு மாதம் தாங்காது. வெட்டிய எல்லா விளிம்புக்கும் இரண்டு முறை எபாக்சி ஊறவிடுங்கள். நம் வெயிலில் எபாக்சி கிண்ணத்திலேயே இறுகிவிடும். காலையில், கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, அகலத் தட்டில் பரப்பிப் பயன்படுத்துங்கள்.

எண்ணெய் கொடுத்தல்

மர வள்ளத்துக்கு இதுதான் உண்மையான காப்பு. இரண்டு எண்ணெய் நம் கரையில் வழக்கம். சாளை (மத்தி) மீன் எண்ணெய், முந்திரித் தோட்டு எண்ணெய்.

சாளை எண்ணெய் காற்றில் பட்டால் மெல்ல இறுகும் தன்மையுடையது, மரத்துக்குள் இறங்கி அங்கேயே தங்கும். நாற்றம் இருக்கும், இரண்டு வாரத்தில் போய்விடும். மரம் நன்றாகக் காய்ந்த பிறகு, வெயில் சூடு ஏறிய பிற்பகலில், மெல்லிய ஓட்டமாகத் துணியால் தேயுங்கள். குடிக்கும் வரை விட்டு, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். மறுநாள் மறுபடி. மரம் இனிக் குடிக்காது என்ற நிலை வரும்வரை தொடர வேண்டும். பழைய அயனி முதல் தடவை ஆச்சரியப்படும் அளவுக்குக் குடிக்கும். கேரளத்து ஆறன்முளையின் போட்டிப் படகுகளான பள்ளியோடங்களுக்கு மீன் எண்ணெயோடு சிரட்டைக் கரியும் முட்டையும் சேர்த்துப் பூசி வழுவழுப்பாக்குவார்கள். அது போட்டி வேகத்துக்காக, நமக்கு எண்ணெய் மட்டும் போதும்.

வெளிப்பக்கம் நீர்மட்டத்துக்குக் கீழே முந்திரித் தோட்டு எண்ணெய். கறுப்பாகப் படிந்து, புழுவையும் பூஞ்சையும் தடுக்கும். நம் மாவட்டத்திலும் கொல்லத்திலும் முந்திரி ஆலைகள் இருப்பதால் கிடைப்பது சிரமமில்லை. ஆனால் இதில் உள்ள அனகார்டிக் அமிலமும் கார்டாலும் தோலைப் பொசுக்கிக் கொப்புளமாக்கும். முழங்கை வரை கையுறை, கண்ணாடி, முழுக்கைச் சட்டை. மணிக்கட்டிலும் முகத்திலும் முதலில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள், முந்திரி ஆலைப் பெண்கள் செய்கிற முன்னெச்சரிக்கை அது. சுடவைக்கும்போது வரும் புகையும் எரிச்சல் தரும், புகை உங்கள் மேல் வராதபடி காற்று வரும் பக்கம் நில்லுங்கள். இந்த எண்ணெய் பூசிய மரத்தின் மேல் சாதாரண எனாமல் பெயிண்ட் காயாமல் பிசுபிசுத்துக் கிடக்கும். நிறம் வேண்டுமென்றால் நீர்மட்டத்துக்கு மேலே, சாளை எண்ணெய் மட்டும் பூசி நன்கு இறுகிய இடத்தில் அடியுங்கள்.

எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். இறுகும் எண்ணெய் சூட்டை உண்டாக்கும், குவியலாகக் கிடந்தால் தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போட்டு, பிறகு எறியுங்கள்.

ஃபைபர் பூசிவிடலாமா?

எல்லோரும் சொல்லும் ஆலோசனை இது: “ஒரு கோட்டு ஃபைபர் அடிச்சு விடுங்க, லீக்கே இருக்காது.” முதல் ஆண்டு உண்மையாகவே லீக் இருக்காது. தைத்த வள்ளமும் பலகைப் படகும் நீரில் ஊறி விரிந்து, கரையில் காய்ந்து சுருங்கும், அதுதான் அவற்றின் இயல்பு. ஃபைபர் அப்படி நகராது. எண்ணெய் குடித்த பழைய மரத்தில் பிசின் சரியாகப் பிடிக்கவும் செய்யாது. ஏதோ ஓர் ஆணித் துளை வழியே நீர் உள்ளே போகும், வெளியே வர வழி இருக்காது, மரம் உள்ளுக்குள் ஊறிக்கொண்டே இருக்கும். கண்ணுக்குத் தெரியும்போது ஃபைபர் ஓடு மட்டும் மிஞ்சியிருக்கும். இது எனக்கு வருத்தம் தரும் விஷயம். ஒரு தலைமுறை தாங்கியிருக்க வேண்டிய எத்தனையோ அயனி வள்ளங்கள் இப்படித்தான் போய்விட்டன. நீர் புகுந்தால் அது வெளியேறவும் வழி வேண்டும். எண்ணெயும் கயிறும் பஞ்சும் அந்த வழியை விட்டுவைக்கின்றன.

நீரில் இறக்குதல்

காய்ந்து கிடந்த படகை நேராக நீரில் இறக்கினால் ஒழுகித்தான் தீரும். இறக்குவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பிருந்தே உள்ளே சாக்குகளைப் பரப்பிக் காயல் தண்ணீரால் நனைத்து வையுங்கள். கிணற்றுத் தண்ணீர் வேண்டாம், பூஞ்சைக்கு உப்பு ஆகாது என்று சொன்னேனே.

பிறகு கரையோரம் முழங்கால் ஆழத்தில் கட்டிவிடுங்கள். முதல் நாள் நிறைய நீர் ஏறும். இறைத்து ஓயாதீர்கள், படகு பாதி மூழ்கி நின்றாலும் பரவாயில்லை. இரண்டாம், மூன்றாம் நாளில் பலகைகள் விரிந்து மூட்டுகள் அடையும். அதற்குப் பிறகும் ஒரே இடத்தில் ஊற்றுப் பொங்குவது தெரிந்தால் அங்கே சாக்பீஸ் அடையாளம் போட்டு, மேலே ஏற்றி அந்த இடத்தை மட்டும் திருத்துங்கள். தைத்த வள்ளம் எப்போதும் கொஞ்சம் கசியும், ஒரு சிரட்டையோ டப்பாவோ உள்ளே கிடக்கட்டும்.

முதல் சவாரிக்குக் காயலின் ஆழமற்ற பகுதி, காற்று இல்லாத காலை. இரண்டு பேர், இருவருக்கும் உயிர்காப்பு உடை. கழுக்கோல் (படகைத் தள்ளும் நீண்ட கழி) தரையைத் தொடும் தூரத்தைத் தாண்ட வேண்டாம். மழைக்காலத்தில் பொழி (ஆற்றுமுகத்தை அடைக்கும் மணல்திட்டு) அறுத்துவிட்ட நாள்களில் பொழிமுகத்தின் பக்கமே போகாதீர்கள். நெய்யாற்றின் நீரும் குழித்துறை ஆற்றின் நீரும் கடலுக்கு இழுக்கும் வேகத்தில் துடுப்பு எதுவும் செய்யாது.

ஆண்டு முழுவதும்

பயன்படுத்துகிற படகு நிற்கிற படகைவிட நன்றாக இருக்கும். வாரம் ஒருமுறையாவது நீரில் ஓடட்டும். மாதம் ஒருமுறை கரையில் ஏற்றி, அடிப்பகுதியில் ஒட்டியிருக்கும் பாசியையும் இளங்கொட்டலசையும் தேய்த்துவிடுங்கள், முற்றிவிட்டால் மரத்தைப் பிய்க்கும். அப்படியே ஓரிரு நாள் காயவிட்டால் உள்ளே புகத் தொடங்கிய சிறு புழுவும் சாகும்.

மழைநீர் உள்ளே தேங்கவே கூடாது. ஒரு மழை பெய்தால் அன்றே இறைத்துவிடுங்கள். முடியாதபோது இரண்டு மூன்று வாளிக் காயல் நீரை உள்ளே ஊற்றிவிடுவது பழைய பழக்கம், நல்ல பழக்கம்.

மே மாதக் கடைசி வாரத்தில் எடவப்பாதிக்கு முன் கரையேற்றுங்கள். கழுவி, நிழலில் காயவிட்டு, ஒரு ஓட்டம் சாளை எண்ணெய் கொடுங்கள். அடியில் தென்னந்தடி வைத்துக் கவிழ்த்து, மேலே ஓலை வேய்ந்துவிடுங்கள். கவிழ்த்த படகின் விளிம்பு தரையிலிருந்து ஒரு முழமாவது உயர்ந்திருக்க வேண்டும், கீழே காற்று ஓட வேண்டும். மழைக்காலத்தில் பத்து நாளைக்கு ஒருமுறை குனிந்து உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளைப் பூஞ்சை நூல் தெரிந்தால் உப்பு நீரில் நனைத்த துணியால் துடைத்து, அந்தப் பக்கத்து ஓலையை விலக்கிவிடுங்கள். கரையான் மண் ஏறியிருந்தால் தடிகளை மாற்றுங்கள்.

ஓணத்துக்குப் பிறகு மழை விட்ட இடைவெளியில் இறக்கி ஓட்டலாம். தையல் கயிற்றை ஜனவரியில் ஒவ்வொரு மூட்டாக நகத்தால் சுரண்டிப் பாருங்கள். உதிர்கிற மூட்டுக்கு அந்தக் கோடையிலேயே புதுத் தையல் போட்டுவிடுங்கள். அதற்கான தும்புக் கயிற்றை மழைக்காலத்திலேயே சொல்லிவைத்து முறுக்கி வாங்கி, காய்ந்த இடத்தில் தொங்கவிட்டிருந்தால் ஜனவரியில் தேடி அலைய வேண்டியிருக்காது.